ஐந்தை இரண்டால்

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி,
பேக்கரிக்கு மேலே இரண்டாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் களியக்காவிளை பஸ்ஸின் முகம்
வகுப்புக்குள் எட்டிப் பார்க்கும்.
எண்பத்தைந்து டெசிபலுக்கு மேல் காதுக்குக் கேடு என்று
அஜின் சார் பலகையில் எழுதி முடிக்கவில்லை,
ஒரு ஹார்ன்.
"இதாக்கும் அது" என்றார்.

இருபத்தோரு ஆண்கள், நான்.
அவர்களுக்கெல்லாம் ஜுபைலிலோ தோஹாவிலோ
ஒரு மாமன் விசாவோடு காத்திருக்கிறான்.
எனக்குக் காத்திருப்பது
காலை எட்டு மணி அண்டியாபீஸ் சைரன்.

பாடம் ஆங்கிலத்தில். ஓரத்தில் பென்சிலால் தமிழ்.
ஹசார்டு வேறு, ரிஸ்க் வேறு:
மூன்று ராத்திரி பிடிபடாமல் கிடந்தது.
நாலாம் நாள் அண்டி தல்லிக்கொண்டிருக்கையில்
தெறித்தது.
தோட்டுக்குள் இருக்கும் எண்ணெய் ஹசார்டு.
அதில் என் கை இருப்பது ரிஸ்க்.

பதினேழாம் பக்கத்தில் ஒரு படம்:
முதுகு நேராக, முழங்கால் தொண்ணூறு பாகையில்,
நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரன்.
எட்டு மணி நேரம் குத்தவைத்த இடுப்போடு
தரையில் குப்புறக் கிடந்து
அவனைப் படித்தேன்.

ஒரு பணியிடத்தைத் தேர்ந்து இடர்களை மதிப்பிடுக.
பையன்கள் கண்டிராத எண்ணெய்க் கிணறுகளை எழுதினார்கள்.
ஷைனுவின் கிணற்றில் பற்றிய தீ
ரஜீஷின் கிணற்றிலும் பற்றியது,
அதே வரியில், அதே எழுத்துப்பிழையோடு.
சாப்பாட்டு நேரத்தில் நான் நோட்டோடு நிற்பதைக் கண்டு
மேஸ்திரி சுகுமாரன் வந்தார்.
"யாருக்க பேர எழுதுக, பிள்ளே?"
"ஜன்னல எழுதுகேன். ரெண்டு தொறக்காது."
ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
மறுநாள் ஒன்று திறந்திருந்தது.

கட்டம் போட்டேன்.
கையில் எண்ணெய் படுதல்.
நடக்க எவ்வளவு வாய்ப்பு? ஐந்து. தினமும்.
எவ்வளவு கடுமை? முதலுதவி போதுமென்றால் இரண்டு.
முதலுதவி: சாம்பல்.
ஐந்தை இரண்டால் பெருக்கினால் பத்து. மஞ்சள்.
மஞ்சள் என்றால் கண்காணித்தால் போதும்.
சிவப்புக்குப் பதினைந்தாவது வேண்டும்.

றோசிலி அக்கா ரேஷன் கடையில்
பத்து விரலையும் வைத்துப் பார்த்தது
எனக்கு அப்போது நினைவில் வரவில்லை.
சேலையில் துடைத்தாள், வெள்ளத்தில் கழுவினாள்,
பதினொன்றாவதாகச் சிரித்தாள்.
"எனக்க விரலு எனக்கதில்லையாம்."

பரீட்சை நாகர்கோவிலில்.
வாசலில் ஒரு சின்னக் கருவி, பச்சை வெளிச்சம்.
கட்டை விரலை வைத்தேன். மீண்டும் முயலவும்.
வைத்தேன். மீண்டும் முயலவும்.
பின்னால் வரிசை நீண்டது. ஷைனு மூச்சுவிடுவது கேட்டது.
"கையைத் துடைங்க மேடம்."
பதினோரு வருஷமாய்
தோட்டெண்ணெய் துடைத்துக்கொண்டுதானே இருக்கிறது.
கடைசியில் முகத்தைப் படம் பிடித்து
நீளப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள்.
விஜிலா என்று எழுதினேன். மை நன்றாகவே ஒட்டியது.

நான்காம் கேள்வி: கட்டுப்பாட்டின் படிகளை வரிசைப்படுத்துக.
அபாயத்தை அகற்று. முடியாவிட்டால் மாற்று.
இயந்திரத்தால் தடு. விதியால் தடு.
கையுறை கடைசி.
எங்கள் ஆபீஸில் முதலும் அதுதான், கடைசியும் அதுதான்.
போட்டால் கை ஓடாது, கிலோவுக்குத்தான் கூலி,
இன்ஸ்பெக்டர் வரும் நாள்வரை ஆணியில் தொங்கும்.
இதையும் எழுதினேன். மார்க் உண்டா தெரியாது.

திரும்பும் பஸ் வில்லுக்குறி தாண்டியதும்
பையிலிருந்து கட்டத்தை எடுத்தேன்.
திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.
என் பேனா பரீட்சையிலேயே தீர்ந்துபோயிருந்தது.
கண்டக்டரிடம் கேட்டேன்.
எதற்கென்று கேளாமல் காதிடுக்கிலிருந்து உருவித் தந்தார்.
இரண்டை அடித்தேன். நான்கு.
பக்கத்தில் "நிரந்தர இழப்பு",
பஸ் குலுங்கியதில் கொஞ்சம் கோணலாக.
இருபது.
அவருடையதும் நீலப் பேனாதான்.
கட்டத்துக்குள் நீலத்தில் எழுதினேன்:
சிவப்பு.