பின் சீல்

மூன்றாவது முறையாக வந்து நிற்கிறது
ப்ரொக்கோப்பியின் வேன்.
ரொட்டி என்போம் அதை, கந்திகாவில் எல்லோரும்;
வெட்டாத ரொட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி.
வெளியே மைனஸ் நாற்பத்தெட்டு.
ஷெட்டுக்குள் நுழைந்ததும் மேலெல்லாம் வெள்ளை பூத்து
அடிவயிறு மட்டும்
கறுப்பாய் வியர்க்கிறது.

"சீல் மட்டச் சரக்கு, அய்தலீனா.
போன தடவை போட்டவனும் திருடன்."
மீசையில் உறைந்ததைத் துடைக்காமல் சொல்கிறான்.
ஒரு சீல் தோற்றால் சீலைத் திட்டலாம்.
ஒரே இடத்தில் இரண்டு தோற்றால்
நான் பேச்சைக் குறைத்துக்கொள்வேன்.

ஷாஃப்ட், கியர்பாக்ஸ், கிளட்ச்,
அப்புறம் ஃப்ளைவீல், ஆறு போல்ட்.
ஒரு மீன் விலை பெறாத ரப்பர் வளையத்தின்
முகத்தைப் பார்க்க
ஒரு பகலையே கழற்றிக் கீழே வைக்க வேண்டும்.
டிசம்பரில் எங்களுக்குப் பகலே
நாலரை மணி நேரம்.

கிழியவில்லை.
ஸ்பிரிங் இருக்கிறது.
உதடுதான் வெளிப்பக்கமாய் மடங்கிக் கிடக்கிறது.

கிராங்க் ஷாஃப்டில் நகத்தை ஓட்டினேன், தட்டியது.
முடியளவு பள்ளம், சுற்றிலும்.
மிருதுவான ரப்பர்
ஒரு மணல் துகளைக் கடித்துக்கொண்டு
எஃகை அறுத்திருக்கிறது.
எறும்பூரக் கல் தேயும் என்றால் நம்பாதவர்கள்
விளக்கு எடுத்துக்கொண்டு என் ஷெட்டுக்கு வரலாம்.

ஆனால் பள்ளம் உதட்டை மடக்காது.
மூச்சுக் குழாயைக் கழற்றினேன்.
உள்ளே ஒரு பனிக்கட்டித் தக்கை,
பால் கலந்த டீயின் நிறத்தில்.
ஸ்க்ரூடிரைவரால் குத்தி அடுப்பின் மேல் வைத்தேன்.
உஸ்ஸென்று போனது, கொஞ்சம் நாற்றம்.

எஞ்சின் ஈரமாய் மூச்சு விடும்.
வாசல் அடைத்தால்
எங்கே மெலிதோ அங்கே தள்ளும்.
அவ்வளவுதான், இதில் சூட்சுமம் ஒன்றுமில்லை.

"எங்காவது நிறுத்தி, ஓடவிட்டு உட்கார்ந்திருப்பாயா?"
"யார்தான் ஓடவிடவில்லை?
அணைத்தால் மே மாதம்தான் எழும்."
"சும்மா நின்றபடி. மணிக்கணக்கில்."
"மீன் கிடங்கில் வரிசை நீளம்."

மீன் கிடங்கில் இல்லை.
பள்ளிக்கூடச் சாலையில்
கவ்ரீல் வீட்டு வேலிக்கு எதிரே
கறுப்புப் பொட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.
பனி, எண்ணெய், மறுபடி பனி, மறுபடி எண்ணெய்.
படகை விற்ற வருடத்திலிருந்து
அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சில்லை.
அதெல்லாம் என் ரசீதில் வராது.
"எத்தனை மணி நேரம், அதை மட்டும் சொல்."
கையுறையைப் பார்த்தான்.
"இரண்டு. சில ராத்திரி மூன்று."

புது சீலின் உதட்டில் எண்ணெய் தடவினேன்;
வறண்டு போனால் முதல் சுற்றிலேயே கருகும்.
பழைய பள்ளத்தில் போய் உட்காராதபடி
இரண்டு மில்லி வெளியே,
நாலு பக்கமும் மாறி மாறித் தட்டி,
சுத்தியலின் சத்தம் கனக்கும் முன்பே நிறுத்தினேன்.
தேய்ந்த கம்பளி பூட்ஸின் கழுத்தை வெட்டி
மூச்சுக் குழாய்க்குச் சுற்றிக் கட்டினேன்.
பாதிப் பணம் கொடுத்தான்.
பாதிக்கு, விறகாய் உறைந்த முக்சூன் நாலு.

பதினோரு நாள் கழித்து
அதே வேலிக்கு எதிரே ரொட்டி.
பானட்டின் மேல் பஞ்சு மெத்தை.
சத்தமில்லை.
அணைத்திருக்கிறான், பைத்தியக்காரன்.

பழக்க தோஷம், மண்டியிட்டு டார்ச் அடித்தேன்:
அடியில் வெறும் வெள்ளை.
மெத்தைக்குள் கைவிட்டால் சூடு மிச்சமிருந்தது,
இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்.
அப்புறம் ரப்பர் இறுகும்,
ஸ்டார்ட் செய்த முதல் சுற்றிலேயே
உதடு போனாலும் போகும்.

ஜன்னல் தட்டிச் சொல்லியிருக்கலாம்.

போனால் போகட்டும்.
அதே சைஸில் இன்னொன்று
என் அலமாரியில் இருக்கிறது.