புறப்படும் நாள்

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
பொறியியல், வணிகவியல், அறிவியல், கலை,
கடைசியில் மற்றவை.
மற்றவையைத் தொட்டதும்
'விவரிக்கவும்' என்று ஒரு வெள்ளைப் பெட்டி திறந்தது.
இருநூறு சொற்களுக்குள்.

பாபு ராவ் தெருவில்
மருத்துவமனை வாசலிலிருந்து
சக்கர நாற்காலி தள்ளுகிற வேகத்தில் ஆறு நிமிடம்,
நாயுடு லாட்ஜ், இருபத்திரண்டு அறை.
ஐந்து வருடமாக ராத்திரி மேசை என்னுடையது.
அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு.
வங்காளம் பேசுவேன், எழுத்துக் கூட்டத் தெரியாது.
ஹவுரா வண்டி காட்பாடிக்கு எத்தனை மணி தாமதம் என்றால்
எத்தனை அறை காலியாகக் கிடக்கும் என்று சொல்வேன்.
கடைசி வரியை அழித்தேன்.
பிறகு திரும்பச் சேர்த்தேன்.

சாவிப் பலகைக்குக் கீழே
நுழைவுத் தேர்வுப் புத்தகம், அட்டை கழன்றது.
நிகழ்தகவு அத்தியாயத்தில் இருந்தேன்.
பன்னிரண்டாம் நம்பர்க்காரர் வெந்நீர் கேட்டு வந்தவர்
ஜக்கை நீட்டாமல் ஒரு சீட்டை நீட்டினார்.
எழுபதுக்கு முப்பது என்றாராம் டாக்டர், மகனுக்கு.
எழுபது எந்தப் பக்கம்?
படித்துச் சொன்னேன்.
அவர் ஜக்கை மறந்துவிட்டு மாடி ஏறினார்.
அந்த அத்தியாயத்தில் மட்டும்
தேர்வில் ஒரு தப்பும் இல்லை எனக்கு.

நேர்காணல் சென்னையில். குளிர்ந்த அறை, மூன்று பேர்.
'இந்த ஐந்து வருடம் இடைவெளியா, எப்சிபா?'
இடைவெளி இல்லை சார், ஷிஃப்ட்.
சிரித்தார்கள். சிரிக்கவென்று சொல்லவில்லை நான்.

ஓரத்தில் இருந்த அம்மா கேட்டார்:
எப்போது கிளம்புவார் என்று அவருக்கே தெரியாதவருக்கு
எப்படி வாடகை வைப்பாய்?
முதல் வாரம் முழுசு. எட்டாம் நாளிலிருந்து குறைவு.
ஸ்டவ்வுக்குத் தனி. மீன் பொரித்தால் பக்கத்து அறையோடு சண்டை,
அதற்குக் கட்டணம் இல்லை.
பயாப்ஸி முடிவு வராதவரிடம் முன்பணம் கேட்க மாட்டோம்.
'கேட்டால் என்ன?'
கேட்டால் கொடுத்துவிடுவார்கள், மேடம். அதனால்தான்.

அவர் எதையோ குறித்துக்கொண்டார்.
பேனா நகர்ந்ததை வைத்து
நல்லதா கெட்டதா என்று படிக்க முடியவில்லை.
நோயாளிகளின் முகத்தில் பழகிய கண்
அங்கே உதவவில்லை.

ஒன்பதாம் அறையைப் பதினொரு நாள்
'ரிப்பேர்' என்று பேரேட்டில் எழுதி,
உள்ளே ஒரு பெண்ணையும் அவள் சமையல் பாத்திரத்தையும் வைத்திருந்ததை
அவர்கள் கேட்கவில்லை.
நாயுடுவும் கேட்டதில்லை.
அந்த மாதம் மட்டும் ரிப்பேர் பில் எங்கே என்று
அவர் தேடவே இல்லை.

ஆபீசர்ஸ் லைன் வங்கியில் கடனுக்கு ஜாமீன் யார் என்றார்கள்.
ராணிப்பேட்டையில் தோல் ஷெட்டிலிருந்து
அரை நாள் விடுப்பில் அப்பா வந்தார்.
மூன்று இடத்தில் கையெழுத்து,
மூன்றும் மூன்று விதம்.
மேலாளர் இன்னொரு தாள் எடுத்தார். அப்பா என்னைப் பார்த்தார்.
மெதுவா போடுங்கப்பா, பஸ்ஸுக்கு நேரம் இருக்கு.

சேர்க்கைக் கடிதம் வந்தது ஒரு புதன்கிழமை, ராத்திரி.
சேரும் நாள் அச்சிட்டிருந்தது.
படிப்பு முடியும் நாளும் அச்சிட்டிருந்தது,
இரண்டு வருடம் தள்ளி, கிழமையோடு.
அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.
கட்டணத்தைப் பிறகுதான் பார்த்தேன்.

வாசலில் ஆட்டோ.
பாங்குராவிலிருந்து கணவன் மனைவி, ஒரு பை,
எக்ஸ்ரே உறை மழையில் நனையாமல் அவள் புடவைக்குள்.
பெயர், ஊர், வந்த நோக்கம்,
எல்லாம் நிரப்பினேன்.
கொத்தோ தின்?
அவர் அவளைப் பார்த்தார். அவள் உறையைப் பார்த்தாள்.
ஜானி நா.

புறப்படும் நாள் என்ற கட்டத்தை
எப்போதும்போல விட்டுவிட்டு
பதினாலாம் நம்பர் சாவியைக் கொடுத்தேன்.
அங்கே ஃபேன் சத்தம் போடாது.