நரைத்த எழுத்து

அழகென்று எழுத்தை நரைக்கவிட்டிருந்தேன்.
அழுக்கென்று நினைத்துத்
திரையை வேட்டியால் துடைத்தார் தாசையன்.

நெய்யாற்றின்கரை வண்டியில்
முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த பெருவிரல்
ஒரே அழுத்தில் மூன்று பொத்தான்களை மிதித்தது.

கறுப்பாக்கினேன். பெரிதாக்கினேன்.
நகரும் படங்களை நிறுத்தினேன்:
"ஓடுற பஸ்ஸுல போர்டு வாசிக்க ஒக்குமாடே?"

சிரிக்கிற குடும்பத்தைக் கண்டு,
"இவிய யாரு? நம்ம சங்கத்துல இல்லியே."
எடுத்துவிட்டு
களியக்காவிளைக் கிடங்கில் ரப்பர் ஷீட் காயும்
கொடியைப் போட்டேன்.

வட்டி, தேதி, செயலாளர் கையெழுத்து
எல்லாம் வாசித்தார்; நம்பவில்லை.
அடியில் கிடந்த தொலைபேசி எண்ணைத் தட்டினார்.

என் மேசையில் மணி அடித்தது.
எதிரே உட்கார்ந்தபடி
"ஹலோ" என்றேன்.

போனுக்குள்தான் பதில் சொன்னார்:
"ஆளு உண்டு. அப்பம் செரி.
இந்த நம்பர மேல தூக்கி வை."