பதினெட்டாவது வளைவு

மின்வாரிய அலுவலகத்து மாடிப்படி மொத்தம் பதினான்கு.
போய் எண்ணிவிட்டு வந்தேன், சுகவனம்.
நீ ஒன்பதில் உட்கார்ந்திருக்கிறாய்.
"தண்ணி இருக்குமா" என்று
பின்னால் வந்தவரைக் கேட்டிருக்கிறாய்.
அவ்வளவுதான்.

ரோத்தங்கில் மூச்சு வாங்காதவன்.
மழை விட்ட மறுநாள்
கிள்ளியூர் அருவிக்குப் பாசிப்பாறை வழியே
சரணைத் தோளில் வைத்து இறங்கியவன்.
நானூறு ரூபாய் கூடுதலாய் வந்த பில்லைக்
கேட்கத்தான் போனாய்.
எத்தனை நல்ல இடங்களில்
உன்னைச் சும்மா விட்டிருக்கிறது சாவு.

வருஷத்தில் இரண்டு மாதச் சம்பளம்
ரயிலுக்கும் மலைக்கும்.
ஒன்று எனக்குத் தெரியும்.
இன்னொன்று கூட்டுறவுச் சங்கக் கடன் என்பது
பதினாறாம் நாள்தான் தெரிந்தது.
கோபப்படப் பார்த்தேன்,
ரசீதுக்குள் ஒரு நீல இறகு இருந்தது.

மகளுக்கு ஆற்றின் பெயர் வைத்தாய்,
நர்மதா, சரி.
இளையவனுக்கு சட்லெஜ் என்றாய்.
தையல் பிரிக்காத வயிற்றோடு
கட்டிலிலிருந்தே கும்பிட்டேன்.

ஊர் திரும்பியதும்
மொட்டைமாடியில் கூடாரத்தை விரித்து உலர்த்துவாய்.
"என்ன, வீட்ல விசேஷமா?" என்பாள்
எதிர்வீட்டு மல்லிகேஸ்வரி, ஒவ்வொரு முறையும்.
அன்று வாசலில் பந்தல் போட்டபோது
அவள்தான் முதலில் ஓடிவந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

ஜூனில் உன் போன் அடித்தது.
"முன்சியாரி ரொட்டி அக்கா" என்று
பதிந்து வைத்திருக்கிறாய்.
இந்த வருஷம் எப்போது வருகிறாய் என்று
கேட்டிருப்பாள் போல.
எனக்குத் தெரிந்த இந்தி ஒரு சொல்.
நஹி, என்றேன்.
அவள் மறுபடி கேட்டாள்.
நஹி.
பிறகு அவள் பாஷையில் அவளும்
என் பாஷையில் நானும்
காசு தீரும்வரை அழுதோம்.
அடுப்பில் ஏதோ கருகியது, அங்கேயா இங்கேயா
என்று யோசித்தேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம்
ஏற்காட்டுக்குக் கிளம்பினோம்.
நான்தான் ஓட்டினேன்.
அடிவாரச் செக்போஸ்ட் தாண்டியதும்
நீ சொல்கிற இடத்திலெல்லாம்
"ரெண்டாவது கியர், ரெண்டாவது கியர்" என்று
நர்மதா சொல்லிக்கொண்டே வந்தாள்.
உன்னைத் திட்டியதுபோலவே
அவளையும் திட்டினேன்.

பதினெட்டாவது வளைவில் நிறுத்தினேன்.
வண்டி நிறுத்தக் கூடாத இடம்.
நீ நிறுத்தாமல் போனதே இல்லாத இடம்.
கீழே சேலம்
தட்டில் கொட்டிய ஜவ்வரிசி மாதிரி
ஒட்டியும் ஒட்டாமலும் மின்னியது.

"அதோ பாரு, நம்ம வீட்டு லைட்" என்பாய்.
எல்லாரும் இங்க இருக்கோம்,
பூட்டின வீட்டில் ஏது லைட் என்பேன்.
"போட்டுட்டுத்தான் வந்தேன்" என்பாய்,
ஊரை ஏமாற்றிய சிரிப்போடு.
அதற்கும் நான் பில்லைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன்.

இந்த முறை கிளம்புகையில்
பால்கனி விளக்கை நான் போட்டேன்.
பிள்ளைகள் பார்த்தார்கள்.
செருப்பு மாட்டுவதுபோல் குனிந்துகொண்டார்கள்.

பனி இறங்கத் தொடங்கியது.
"அதோ" என்றான் சரண்.
அவன் விரல் போனது ஜங்ஷன் பக்கம்.
அழகாபுரம் இன்னும் இடப்பக்கம்.
கையைப் பிடித்துத் திருப்பப் போனேன்.

"ஆமா," என்றேன். "அதேதான்."

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது.
ரெண்டாவது கியர், என்றாள் நர்மதா.