இறக்கத்தில் ஒரு சதவீதம்

கராஷோக்கிலிருந்து எண்பதோடு கிளம்பிவிட்டோம்.
மிச்சம் இருபது ஏற முக்கால் மணி ஆகும்.
பின்னால் ஒருவர், மான்தீவனம் ஏற்றிய இழுவண்டியோடு,
கையுறைக்குள் ஊதிக்கொண்டு நின்றார்.
"போதும்" என்றான் ஹால்வர்.
நானும்தான் தலையாட்டினேன். பிறகு அதை மறந்துவிட்டேன்.

வெளியே மைனஸ் இருபத்தேழு.
நூற்றெண்பது கிலோமீட்டருக்கு
ஆறுதான் துணை, அதுவும் உறைந்து.
அக்கரை பின்லாந்து,
அங்கே காலம் ஒரு மணி முன்னால் ஓடுகிறது.
ஒரு வளைவில் என் கைபேசி
ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும்,
அடுத்த வளைவில் திருப்பித் தரும்.

நாற்பத்தொன்றில் ஹீட்டரை அணைத்தான்.
முப்பதில் ரேடியோவை.
அது எவ்வளவு குடித்துவிடப்போகிறது என்றேன்.
பதில் இல்லை.
மூச்சுக்காற்று கண்ணாடியின் உட்புறம் பனியாய்ப் படிந்தது.
நூலக அட்டையால் சுரண்டினேன்,
அவன் பக்கம் உள்ளங்கை அகலம்,
என் பக்கம் கொஞ்சம் பெரிதாக.

முன்னால் ஒரு மீன் லாரி.
அது கிழித்துப்போன காற்றுக்குள்
பசுவின் பின்னால் கன்றுபோல ஒட்டிக்கொண்டு போனோம்.
அதன் கதவில் வரைந்த சால்மன் வழியெல்லாம் சிரித்தது.
பத்தொன்பதில் லாரி ஒதுங்கி நின்றுவிட்டது.
தூக்கம் வந்திருக்கும், பாவம்.

சண்டை பதினான்கில் ஆரம்பித்தது.
இருபது சதவீதத்தில் தொடங்கி,
பெர்கனில் அவன் வேண்டாமென்று விட்ட வேலைக்குப் போய்,
என் அம்மாவிடம் வாங்கிய கடனுக்குப் போய்,
ஒன்பதில் தானாக நின்றது.
பேசப்பேசக் கண்ணாடி மறைத்தது.

ஆறில் ஒரு நீண்ட இறக்கம்.
காலை எடுத்தான். மோட்டார் முனகியது.
ஏழு.
"பார்த்தாயா?"
பார்த்தேன்.
ஓர் எண்ணைப் பார்த்து நாங்கள் சேர்ந்து சிரித்தது
இதற்கு முன் ஒரே ஒருமுறை,
ஊன்னி பிறந்த அன்று, தராசின் முன்னால்.

தானா பாலத்தில் மூன்றோடு வந்து நின்றோம்.
சில்லிட்ட பேட்டரி சட்டென்று எதையும் வாங்கிக்கொள்ளாது.
ஒரு மணி பத்து நிமிடம் என்றது திரை.
கடை பூட்டியிருந்தது.
ஹால்வர் என் பூட்ஸைக் கழற்றி
பாதங்களைத் தன் கக்கத்தில் செருகிக்கொண்டு
நெடுநேரம் சார்ஜரின் பச்சை விளக்கையே பார்த்திருந்தான்.
பெர்கனைப் பற்றி நீ சொன்னது சரி என்றான்.
கடனைப் பற்றிச் சொன்னது
சரியில்லை என்றான்.

நான்கு.