நூற்றேழு சதவீதம்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
சரக்கு ரயில் அவசரமில்லாமல் போகிறது.
நாற்பத்தொன்றாவது பெட்டியில் எண்ணுவதை விட்டேன்.
ஷேர் ஆட்டோவில் மடிமேல் கீபோர்டு,
அதன் உறைக்குள் வணிகச் சட்டம், மூன்றாம் செமஸ்டர்,
அதற்குள் நேற்றிரவு
தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் எடுத்த ஆறு பிரதி.

கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், மாலை ஷிஃப்ட்.
"கீபோர்டு வாசிக்கிற பொண்ணுக்கு இது எதுக்கும்மா?"
சேர்க்கையன்று கேட்ட கிளார்க்கிடம் சொல்லவில்லை:
வாசிக்கத் தெரியும் சார்,
தெரியாதது வாசித்த பிறகு நடப்பது.

நடந்தது இதுதான்.
நாங்கள் போட்ட முதல் பாட்டு
இருபது ரூபாய் பத்திரத்தில்
மூவாயிரத்துக்குப் போனது.
இன்று அது காசிமேட்டு ஏலத்தில் மைக் சோதிக்க ஓடுகிறது,
வளைகாப்பில் ஓடுகிறது,
ஒரு சோப்புத்தூள் விளம்பரத்தில்
வெள்ளைச் சட்டைகளுக்குப் பின்னால் ஓடுகிறது.
பாடிய சேவியர் மணலியில்
கன்டெய்னர் லாரிகளுக்கு டோக்கன் எழுதுகிறான்.
டிரைவர்கள் அவன் குரலை அலறவிட்டபடி
கையை மட்டும் நீட்டுகிறார்கள்.

ஒப்பந்தச் சட்டம் நடத்திய மாலை
பத்திரத்தின் நகலை நோட்டுக்குள் வைத்துப் படித்தேன்.
புத்தகத்தில் எடுத்துக்காட்டெல்லாம் சிமெண்ட்:
'அ' என்பவர் 'ஆ' என்பவருக்கு நூறு மூட்டை.
நான் 'அ'வை அடித்துவிட்டுச் சேவியர் என்று எழுதினேன்.
நிரந்தரமாக, உலகெங்கும்,
இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்.
செவ்வாய் கிரகத்தில் யாராவது ஆடினாலும்
காசு வடபழனிக்கு வரும்.
கையெழுத்துக்குப் பக்கத்தில்
சின்னதாக ஒரு பூ வரைந்திருந்தான்.
ஆட்டோகிராஃப் என்று நினைத்தானாம்.

அதனால்தான் ஆறு பிரதி.
பழைய வண்ணாரப்பேட்டை, மோசஸ் அண்ணனின்
பந்தல் சாமான் குடோன், பாதி இறக்கிய ஷட்டர்,
பிளாஸ்டிக் நாற்காலி கோபுரங்களுக்கு நடுவே ஞாயிறு பிராக்டிஸ்.
தாளை நீட்டினேன்:
புதுப் பாட்டில் யார் என்ன செய்தது, எத்தனை சதவீதம், கையெழுத்து.

"இன்னாது இது, ரேஷன் ஃபாரமா வக்கீலம்மா?"
என்ற டோலக் யுகேந்திரன் தனக்கு இருபத்தைந்து போட்டான்,
அடி இல்லன்னா எவன் ஆடுவான்.
சேவியர் நாற்பது.
மெட்டு என்னுடையது, முப்பது.
நடுவில் ஒரே ஒரு "ஏய்" கத்துகிற பப்லு
ஐந்து கேட்டான்.
போன பாட்டில் அந்த ஏய்க்குத்தான்
பிள்ளைகள் ரீல்ஸ் போட்டார்கள், மறுக்க முடியவில்லை.
கரண்ட் பில் நான்தானே கட்டுறேன் என்று
மோசஸ் அண்ணன் ஏழு.

கூட்டினேன். நூற்றேழு.
செல்போனில் கூட்டினேன். நூற்றேழு.

அப்புறம் இரண்டு மணி நேரம் யாரும் எதையும் வாசிக்கவில்லை.
டீ ஆறி ஆடை கட்டியது.
"இனிமே வரமாட்டேன்" என்று போன யுகேந்திரன்
பரோட்டா பார்சலோடு திரும்பினான், ஐந்து பேருக்கும்.
சேவியர் சால்னாவைப் பார்த்தபடி சொன்னான்:
"மூவாயிரத்துக்கு வுட்டப்போ ஒரு சண்டையும் இல்ல.
இன்னும் வெளியவே வராத பாட்டுக்கு
அடிச்சிக்கினு கெடக்கிறோம்."
சிரிக்கத் தொடங்கியது பப்லு.

பக்கம் தொண்ணூற்றிரண்டு:
இடமும் மின்சாரமும் செலவு, உரிமை ஆகாது.
மோசஸ் அண்ணனின் ஏழை
வாடகையாக வேறு தாளுக்கு மாற்றினேன்.
மாதம் எவ்வளவு என்பதில்
இன்னும் அரைமணி நேரம் போனது.

எல்லோரும் போட்டபின் சேவியர்.
ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்து,
உதடு அசையப் படித்தான்.
போட்டான்.
பேனா தாளைவிட்டு எழாமல்
கொஞ்சம் நின்றது.
பூ வரையவில்லை.

நாளை இன்டர்னல் தேர்வு, ஒரு வரி படிக்கவில்லை நான்.
வெளியே துறைமுகத்துக்கு லாரிகள்
ஒன்றன் வாலில் ஒன்றாக நிற்கின்றன.
"ஏய்" என்றான் பப்லு,
ஐந்து சதவீதத்துக்கும் சேர்த்து.
டோலக் பிடித்துக்கொண்டது.