ஒரு சாண், ஒரு முழம்

மாண்டானாவில் அக்டோபர். ஃப்ரீசர் காலி.
கடையில் இருபது தோட்டா வாங்கும் காசில்
ஆர்விட் அறுபது செய்துவிடுவான்,
சமையல் மேசையில், ரொட்டித்தூளை ஒதுக்கிவிட்டு.
கட்டைவிரல் நுனி பருமனுக்கு ஈயம்.
ஏழு தடவை வெடித்த பித்தளைக் கூட்டை
எட்டாவதுக்குத் துடைத்து வைப்பான்,
வாய் விரிசல் கண்டால்தான் குப்பை.

மிச்சமாவது காசு என்றுதான் நினைத்திருந்தேன்.

கோடை முழுக்கக் காகிதத்தைச் சுட்டுச் சுட்டு
தோள் கன்றிப்போனதில் ஒன்று மனப்பாடம்:
நூறு கெஜத்தில் வைத்த இடம்.
நூற்றைம்பதில் ஒரு சாண் இறங்கும்.
இருநூறில் முழத்துக்கும் மேல்.
அப்புறம் அது
யாரோ எறிந்த கல்.

இன்று எல்க் மான் நின்றது.
கொம்பில் பனி. பக்கவாட்டில், அசையாமல்.
தூரமானியில் இருநூற்று முப்பது.
"சுடு மார்லிஸ்" என்றான் பக்கத்து நிலத்து டுவேன்,
"காட்டெருமையையே சாய்க்குமே உன் துப்பாக்கி."

சாய்க்கும்.
எட்டினால்.

காற்று திரும்பியது. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
பைன் மரங்களுக்குள் நடந்தது, ஓடக்கூட இல்லை.
டுவேன் வழியெல்லாம் பேசவில்லை.

இரவு பீன்ஸ்தான்.
ஆர்விட் என் கோட்டுப் பையைத் துழாவி
ஐந்தையும் மேசையில் நிறுத்தினான்,
எண்ணினான்,
உப்பை என் பக்கம் தள்ளினான்.